கூலி கொடுத்தா கணக்கு முடிஞ்சுதா?

"ஊர்ப்பக்கம் ரெண்டு ஏக்கர் வாங்கிப் போடலாம்னு இருக்கேன்" என்று சென்னை, பெங்களூர் நண்பர்கள் பலர் போனில் சொல்கிறார்கள். தண்ணி இருக்கா, கரண்ட் இருக்கா, ஆள் கிடைக்குமா, எல்லாம் கேட்பார்கள். வர்ற ஆளுக்கு அடிபட்டா யார் பொறுப்புன்னு மட்டும் ஒருத்தரும் கேட்டதில்லைங்க.

வேலைக்குக் கூப்பிட்டவர்தான் பொறுப்பு. 1923-ல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் மில்லுக்கு மட்டுமானதில்லை. டிராக்டர் உழவு, மெஷினில் அறுத்து அடிக்கிறது, பூச்சிமருந்து தெளிக்கிறது, வெடி வெச்சுக் கிணறு வெட்டுறது எல்லாம் அதன் பட்டியலில் உண்டு. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்தப் பொறுப்பு தொடர்கிறது. உயிரே போயிட்டா, "அவங்கதான் கவனமில்லாம நின்னாங்க" என்ற சமாதானம் எடுபடாது.

தொகை எவ்வளவு? மாதக் கூலி 15,000 என்றால் அதில் பாதி 7,500. 40 வயதுக்குச் சட்டம் வெச்சிருக்கிற எண் 184.17. பெருக்கிப் பாருங்க: 13,81,275 ரூபாய். நம்ம ரெண்டு ஏக்கர் வெள்ளாமையில் எத்தனை வருசத்துக்கு இதைச் சேர்க்க முடியும்?

எங்க பக்கம் வழக்கம் வேற. பக்கத்து ஊரில் சோளம் அடிக்கிற மெஷினில் சேலை சிக்கி ஒரு அக்கா இறந்துட்டாங்க. பெரியவங்க உட்கார்ந்து பேசி, அறுபதாயிரம் கொடுத்து, பத்திரத்தில் வீட்டுக்காரர்கிட்ட கைநாட்டு வாங்கி முடிச்சாங்க. காட்டுக்காரருக்கு நிம்மதி. ஆனா சாவுக்கான இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்டணும். நேரில் கொடுத்தது சட்டப்படி இழப்பீடே ஆகாது. பத்திரத்தில் உரிமையை எழுதி வாங்கினாலும் செல்லாது. அந்த ரெண்டு பொட்டப்புள்ளைகளுக்கு வரவேண்டியது வரலை. காட்டுக்காரர் தலைமேல் கத்தியும் இறங்கலை.

நம்ம மாதிரி விவசாயி இன்சூரன்ஸ் எடுத்தே ஆகணும்னு அந்தப் பழைய சட்டம் கட்டாயப்படுத்தலை. இழப்பீடு கொடுத்தே ஆகணும்னுதான் சொல்லுச்சு. அதனாலதான் எடுக்கணும்ங்கிறேன். தொழிலாளர் இழப்பீட்டு பாலிசியைப் பொதுத்துறைக் கம்பெனிகளே விற்கின்றன. வருசக் கூலியைக் கணக்குப் போட்டுப் பிரீமியம் சொல்வார்கள். உரத்துக்கும் டீசலுக்கும் எழுதுற நோட்டில் இதுக்கும் ஒரு வரி ஒதுக்குங்க.

கூடவே, வர்றவங்க பேங்க் கணக்கில் பிரதமரின் விபத்துக் காப்பீட்டுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க. வருசம் 20 ரூபாய், விபத்துச் சாவுக்கு 2 லட்சம். அது வந்தாலும் நம்ம பொறுப்பு குறையாது. ஆனா அந்தக் குடும்பத்துக்கு அது தனிக்காசு. நிலம் பார்க்க வரும்போது பட்டா, வில்லங்கத்தோட இதையும் விசாரிச்சுட்டு வாங்க.