காலால் வாசிக்கும் பேஸ்

எங்கட பாண்டில் பேஸ் வாசிச்சவன் வெளிநாடு போய்விட்டான். அவனுடைய இடத்துக்கு, காலால் மிதித்து வாசிக்கிற அனலொக் சிந்தசைசர் ஒன்றை, 1970களின் மூக் டோரஸை, சேர்த்த காசில் வாங்குவமா எண்டு யோசிக்கிறம். 13 பெடல்தான், சத்தம் நெஞ்சில் இடிக்கும்.

பயம் இரண்டு. மிடி வந்தது 1983இல். ஆகவே இதை லப்டொப்போடு அப்படியே இணைக்க ஏலாது. மற்றது இரைச்சல். எங்கட மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். பேஸின் கீழ் 'ஜி' சுரம் 49. இரண்டும் சேர்ந்தால் சத்தம் செக்கனுக்கு ஒருதரம் ஏறி இறங்கும்.

மிடி இல்லாட்டிச் சமாளிக்கலாம், மேடையில் மிதிக்கக் கால் இருக்கு. இரைச்சலோ பாட்டு நிற்கிற இடத்திலும் நிற்காது. அதனால் விற்கிறவரிடம் கேட்டிருக்கிறம்: ஒரு பெடலையும் மிதிக்காமல், சத்தத்தை முழுக்கக் கூட்டி, ஒரு நிமிசம் பதிவுசெய்து அனுப்புங்கோ. அதைக் கேட்டபிறகுதான் காசு.