கடனில் வந்த கம்பளியும் கணக்கில் ஏறாத தையலும்

இலங்கை மலையகத்தின் நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டன் 1,270 மீற்றர் அளவில். தை, மாசி மாதங்களில் நுவரெலியாவின் புல்வெளிகளில் விடியற்காலை உறைபனி படிவதும் உண்டு. இந்தக் குளிருக்குள் 19ஆம் நூற்றாண்டில் தோட்ட வேலைக்கு வந்து சேர்ந்தவர்கள் மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கத்துச் சமவெளிகளில் பிறந்தவர்கள். திண்ணையில் மேல்துண்டை விரித்துப் படுத்தாலே இரவு கழிந்துவிடும் ஊர்கள் அவை. அப்படி வந்தவர்களின் பிள்ளைகள் வரிசை வீடுகளான லயங்களின் காம்பராவில் எதைப் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள், அந்தப் போர்வை எங்கிருந்து வந்தது? இதுதான் நான் தேடப் புறப்பட்ட கேள்வி. மலையக வரலாற்றை எழுதியவர்கள் கூலி, கடன், குடியுரிமை, தொழிற்சங்கம் என்று போனார்கள். போக வேண்டிய இடங்கள்தாம் அவை. ஆனால் கொழுந்தெடுத்துத் திரும்பிய தாய் இராத்திரியில் பிள்ளைமேல் எதைப் போட்டாள் என்று கேட்பாரில்லை. அந்தச் சின்னக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் அதுவும் கடனில்தான் போய் முட்டுகிறது. அங்கே நின்றுவிடாமல் அதற்கு அப்பாலும் கொஞ்ச தூரம் கொண்டுபோகிறது.

கோப்பிக் காலத்திலிருந்தே தோட்ட எழுத்துகளில் அரிசியோடு சேர்ந்து வரும் பண்டம் கம்பளி. ஆங்கிலேயரின் இந்தியச் சொற்களுக்கென்று 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் அதற்குத் தனிப் பதிவு இருக்கிறது. முரட்டு ஆட்டுமயிரில் நெய்த, கருத்த, தோலை அறுக்கும் துணி அது. அந்த நெசவின் தாய்வீடு தக்காணத்து மேட்டுநிலம்: பெல்லாரி, சித்திரதுர்க்கம், அவற்றை ஒட்டிய ஆட்டிடையர் ஊர்கள். குறும்பர் குடும்பங்கள் தங்கள் ஆடுகளின் மயிரைக் கத்தரித்து, நூற்று, பாவோட்டி, அந்தப் பாவுக்குப் புளியங்கொட்டைக் கூழைக் கஞ்சியாகப் பூசி நெய்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1898இல் மாகாணத்துக் கம்பளி நெசவைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். ஆட்டுமயிரின் இயல்பான எண்ணெய்ப் பசை கொஞ்ச நேரமாவது மழையைத் தள்ளும். நனைந்த பிறகும் ஆட்டுமயிரில் ஓரளவு சூடு நிற்கும். பருத்தித் துணியோ நனைந்தால் உடம்பிலிருக்கும் சூட்டையும் சேர்த்து உறிஞ்சிவிடும். மலைமேல் இந்தத் துணி நிலைத்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. ஆடு மேய்க்கிறவன் வெட்டவெளியில் மழையையும் பனியையும் தாங்கக் கண்டுபிடித்த துணி, கொழுந்தெடுக்கிறவளுக்கும் பொருந்திப்போயிற்று.

பொருந்திப்போனதில்தான் சிக்கலும் இருந்தது. பழைய அஞ்சலட்டைப் படங்களில், தலையிலிருந்து முதுகுவரை கம்பளி தொங்க, அதன்மேல் கூடைக் கயிறு நெற்றியில் இறங்க, பெண்கள் தேயிலைச் செடிகளுக்கிடையே நிற்பதைப் பார்க்கலாம். ஒரு முனையை உள்ளே மடித்துக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டால் தலையும் முதுகும் தப்பும். ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை மலைகளில் தென்மேற்குப் பருவமழை வைகாசியில் பிடித்தால் புரட்டாசி வரைக்கும் விட்டுவிட்டுப் பெய்யும். பிரட்டு என்ற காலை ஆள் கணக்கெடுப்புக்குப் போகாத நாளுக்குப் பேர், அதாவது கூலி, இல்லை. ஆகவே மழையென்று வீட்டில் இருக்கவும் முடியாது. காலையிலிருந்து மாலைவரை முதுகில் மழை வாங்கிய கம்பளிதான் இரவில் பிள்ளைமேல் போட வேண்டிய கம்பளியும். காம்பரா என்றால் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அடுப்பும் அங்கே, படுக்கையும் அங்கே. அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் அது காய்ந்தால் உண்டு, காயாவிட்டால் ஆட்டுமயிரின் ஈர வாடையோடு அதைத்தான் போர்த்த வேண்டும். தாயின் பகலையும் பிள்ளையின் இரவையும் ஒரே துணி தாங்க வேண்டியிருந்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டால்தான், தோட்டங்களின் நோய்க் கதையில் நிமோனியா ஏன் அத்தனை முறை வருகிறது என்பதன் ஒரு பகுதியாவது விளங்கும்.

இனி அந்தத் துணிக்கு யார் பணம் கொடுத்தது என்று பார்ப்போம். ஊரிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்த பெரிய கங்காணி வழிச்செலவையும் முன்பணத்தையும் அவர்கள் பேரில் எழுதினார். வந்து இறங்கியதும் வாங்கிய அரிசி, சட்டிபானை, கம்பளி எல்லாம் அதே கடனின் மேல் ஏறின. தோட்டத்துக் கூலிப் பதிவேடான செக்ரோலில் அரிசிக்கும் கம்பளிக்கும் பிடித்ததோடு சலவைக்காரருக்கும் முடிதிருத்துபவருக்கும் உரியதையும் கழித்துக்கொண்டு மிஞ்சியதுதான் கைக்காசு. அந்தக் கடன் ஆளை விட்டுப் போகாது. துண்டு முறையின் காலத்தில், இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறேன் என்று தோட்டத்துத் துரை எழுதிக்கொடுத்த காகிதத்தோடு ஆட்கள் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறினார்கள். ஏற்கெனவே நைந்து குப்பைக்குப் போன கம்பளியின் விலையும் அந்தத் தொகைக்குள் அடங்கித்தான் இருந்திருக்கும். 1921இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி 1929இல் உயர்மலைத் தோட்டங்களுக்கு நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பிள்ளைக்கென்று ஒரு விலை எழுதிய அந்தக் கடைசி எண்ணைத் தாண்டிப் போவது எனக்கு எளிதாக இல்லை. கொழுந்தெடுக்கும் வயது வந்துவிட்டால் பிள்ளைக்கும் ஒரு கணக்கு உண்டு. அந்த வயது வராத பிள்ளைக்குக் கணக்கே கிடையாது.

இதற்கு ஒரு மறுப்பு உடனே எழும். குளிர்நாட்டிலிருந்து வந்த துரைமாருக்குக் குளிரின் கொடுமை தெரியும், அதனால் இரக்கப்பட்டுத்தான் கம்பளி கொடுத்தார்கள், அரிசியும் மருந்தும் கொடுத்ததைப் போல, என்று சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. இரக்கமுள்ள துரை ஒருவர்கூட இருந்ததில்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் ஒரு பொருள் எந்த முறையில் கைக்கு வருகிறது என்பதிலிருந்து அது யாருக்காக என்பதைக் கண்டுபிடிக்கலாம். கம்பளி ஆளின் பேரில் வந்தது. ஆள் என்றால் செக்ரோலில் பேர் உள்ளவர். மூன்று வயதுப் பிள்ளைக்கும் ஆறு மாதக் குழந்தைக்கும் அங்கே பேர் இல்லை. கடன் எழுத ஒரு பேர் இல்லாதபோது கம்பளி கொடுக்கவும் வழியில்லை. வேலைக்கு வருகிறவர் மழையில் விழுந்துவிடாமல் இருக்க வேண்டும் என்ற கவலைக்குத் தோட்டத்தின் கணக்கில் ஒரு வரி இருந்தது. அவர் பெற்ற பிள்ளை குளிரில் நடுங்கக்கூடாது என்பதற்கு வரி ஏதும் இல்லை. இது நான் செய்யும் அனுமானம்தான், மறைக்கவில்லை. ஆனால் கடனையும் பேரையும் வைத்து நடந்த ஒரு முறை இதைத் தவிர வேறெப்படி நடந்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால், தாயின் ஈரக் கம்பளியைத் தவிரக் குழந்தைக்கென்று இருந்த போர்வை எது? பழைய சேலை. நைந்த சேலையின் கரையைக் கிழித்தெடுத்துவிட்டு, நடுத்துணியை நாலாகவோ எட்டாகவோ மடித்து, ஓரத்தில் ஓட்டுத்தையல் போட்டு, உள்ளே அடுக்குகள் நழுவாமல் இருக்கக் குறுக்கிலும் இரண்டு மூன்று வரி ஓட்டினால் குழந்தைக்கு விரிப்பும் அதுதான், போர்வையும் அதுதான். கிழிந்த இடத்தில் இன்னொரு சேலையின் துண்டு ஒட்டாக ஏறும். கரையும் வீணாகாது, தொட்டில் கட்டவும் கூடையைக் கட்டவும் ஆகும். தாய்மார் வேலைக்குப் போகையில் குழந்தைகளை விட்டுச்சென்ற பிள்ளைக்காம்பராவில் வரிசையாகத் தொங்கிய தொட்டில்களும் தாய்மார் கொண்டுவந்து கொடுத்த சேலைகள்தாம். இந்தக் கைவேலை மலையகத்தில் மட்டும் பிறந்தது என்று சொல்ல முடியாது. வங்கத்தின் காந்தா, மராட்டியத்தின் கோதடி, வட கன்னடத்துச் சித்தியர் தைக்கும் கவந்தி எல்லாம் நைந்த துணியை அடுக்கி ஓட்டுத்தையலில் பிணைக்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. சமவெளித் தமிழ்ப் பெண்ணும் குழந்தைக்கு அப்படித்தான் மடித்துத் தைத்தாள். அங்கே அது ஈரம் உறிஞ்ச. மலைக்கு வந்த பிறகு அதே தையல் குளிரைத் தடுக்கும் வேலையையும் ஏற்றுக்கொண்டது. அடுக்கு கூடக் கூட உள்ளே காற்று தங்கும், காற்று தங்கினால் சூடு தங்கும். பெல்லாரி இடையரின் ஆட்டுமயிர் செய்ததை மலையகத்துத் தாய் தன் பழஞ்சேலையின் எண்ணிக்கையால் செய்துகொண்டாள். அதற்கு அவள் யாருக்கும் கடன்படவில்லை.

ஆதாரம் எங்கே என்று கேட்பது நியாயம். கம்பளிக்கு அகராதிப் பதிவு இருக்கிறது, படம் இருக்கிறது, கணக்கு இருக்கிறது. தைத்த சேலைக்கு என்ன இருக்கிறது? எழுத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆனால் எழுத்தில் இல்லாததைக் கொண்டு வாழ்க்கையிலும் இல்லை என்று தீர்க்கிறவர், அந்த எழுத்தை யார், எதற்காக எழுதினார் என்பதை மறந்துவிடுகிறார். தோட்டத்துக் கணக்கு எழுதியது பணம் பிடிக்க. பணம் பிடிக்க முடியாத எதுவும் அதில் ஏறாது: தாலாட்டு ஏறாது, ஒப்பாரி ஏறாது, ஊசியும் நூலும் ஏறா. மலைநாட்டுப் பாடல்களை மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை கேட்டுத் தொகுத்தபோதுதான், மலையக ஆய்வாளர் சாரல் நாடன் வாய்மொழி இலக்கியத்தைப் பற்றி எழுதியபோதுதான், நூறாண்டுக்கு மேலாகப் பெண்கள் பாடிக்கொண்டிருந்ததற்கு எழுத்துச் சாட்சி கிடைத்தது. அந்தப் பாடல்கள் அதற்கு முன் இல்லை என்று இன்று யாரும் சொல்வதில்லை. பாடலாவது வாயில் தங்கும். குழந்தைத் துணியின் கதி வேறு. இரவெல்லாம் மூத்திரத்தில் நனையும், விடிந்ததும் தண்ணீர்ப் பீலிக்கரையில் கல்லில் அடிபடும், மூட்டத்தில் நாள்கணக்காகக் காயாமல் கிடக்கும், அடுத்த பிள்ளை பிறப்பதற்குள் இற்றுவிடும். கடைசியில் அடுப்படியில் கரித்துணியாக முடியும். ஒரு பொருளை முழுதாகப் பயன்படுத்தித் தீர்த்துவிட்டால் அருங்காட்சியகத்துக்கு எதுவும் மிஞ்சாது. கம்பளைக்கு அருகே பாரதெக்கவில், பழைய லயமொன்றைச் சீர்செய்து அமைத்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் உழைக்கும் வீட்டின் பொருள்களைச் சேர்த்துவைத்து அரிய வேலை செய்கிறது. அங்கும்கூடத் தீராமல் மிஞ்சிய பொருளைத்தான் வைக்க முடியும்.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் கூர்மையானது. இல்லாமையில் தைத்த கந்தலை ஏன் கலை, மரபு என்று தூக்கிப் பிடிக்க வேண்டும் என்பது அது. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அமெரிக்காவின் அலபாமாவிலுள்ள ஜீஸ் பெண்ட் என்ற ஊர் நினைவுக்கு வருகிறது. பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், உழைத்துத் தேய்ந்த காற்சட்டைகளையும் சட்டைகளையும் வெட்டிப் பிள்ளைகளுக்குப் போர்வை தைத்தார்கள். 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயோர்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் அவை சுவரில் தொங்கின. குளிருக்காகத் தைத்ததே தவிர அவர்களும் கண்காட்சிக்காகத் தைக்கவில்லை. அங்கே தடித்த வேலைத்துணி நின்று பிடித்தது, தேடிப் போனவர்களும் இருந்தார்கள். இங்கே மெல்லிய சேலை நிற்கவில்லை, தேடிப் போனவரும் இல்லை. இரண்டு தோட்டங்களுக்கும் பிள்ளையின் குளிர் கணக்கில் வராத விடயமாகவே இருந்தது. இரண்டிலும் பெண்கள் தேய்ந்த துணியை எடுத்துத்தான் அந்தக் குறையை அடைத்தார்கள். கலை என்ற பட்டம் வேண்டாமென்றால் விட்டுவிடலாம். வீட்டுக்குத் தேவையான ஒரு பொருளைச் செய்த உழைப்பு என்று எழுதினால் போதும். கொழுந்தெடுத்த உழைப்புக்குக் கிலோக்கணக்கு இருக்கிறது; அதே கைகள் இராத்திரி விளக்கில் செய்த உழைப்புக்கு ஒரு வரியாவது வேண்டும்.

இந்தத் தையல் ஏன் நின்றது என்பதற்கு வறுமை தீர்ந்தது என்ற விடை சரியாகாது. 1970களின் முதற்பாதியில் இறக்குமதித் தடைகளால் துணி கிடைக்காமல் நாடே அலைந்தபோது பழஞ்சேலையின் மதிப்பு கூடித்தான் இருந்தது. அதன் பிறகு நைலெக்ஸும் பொலியெஸ்டரும் பருத்திச் சேலையின் இடத்தைப் பிடித்தன. அவை நைவதில்லை, ஈரம் உறிஞ்சுவதில்லை, அடுக்கினால் வழுக்கும். சேலை மாறியதும் தையலுக்குத் துணி போயிற்று. ஆடை ஏற்றுமதித் தொழில் வளர்ந்தபின் மிச்சக் குளிராடைகள் மலைக்கு ஏறின. இன்று ஏப்ரல் வசந்த காலத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விக்டோரியா பூங்காவுக்கும் கிரகரி ஏரிக்கும் போகும் குடும்பம், வரும் வழியில் நுவரெலியா பேல் பஜாரில் நின்று கடைசிப் பிள்ளைக்கு ஒரு சுவெட்டரை அளவு பார்த்து, விலை பேசி வாங்குகிறது. துணியைத் தானே தொட்டுப் பார்த்து, இது வேண்டாம் அது என்று சொல்லி, அந்த இடத்திலேயே காசைக் கொடுத்து வாங்குவது. கம்பளிக் காலத்தில் இது நடக்காத காரியம். தைத்த சேலையைவிடச் சுவெட்டர் நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. பழையபடி தைக்கச் சொல்லும் ஆசையும் இல்லை.

செய்ய வேண்டியது வேறு, அதற்குக் காலமும் அதிகமில்லை. பருத்திச் சேலைக் காலத்தில் பிள்ளை பெற்றவர்களும், பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்து ஓய்ந்தவர்களும் இன்று எழுபதும் எண்பதும் கடந்தவர்கள். எத்தனை அடுக்கு போட்டீர்கள், நூலை எங்கே எடுத்தீர்கள், கரையைக் கிழித்த பிறகா மடித்தீர்கள், தையலை நடுவிலிருந்து தொடங்கினீர்களா ஓரத்திலிருந்தா, மழைக்காலத்தில் எப்படிக் காயவைத்தீர்கள், மாமியாரிடம் கற்றதா தாயிடம் கற்றதா என்று அவர்களைக் கேட்க வேண்டும். ஒரு பழஞ்சேலையைக் கையில் கொடுத்துத் தைத்துக் காட்டவும் சொல்லலாம். பாட்டைக் கேட்கப் போனவர்கள் இருந்தார்கள். ஊசி பிடித்த கையைப் பார்க்கவும் ஆட்கள் போக வேண்டும், பொகவந்தலாவையிலும் டிக்கோயாவிலும் இராகலையிலும் இப்போதே.