மெழுகில் கோத்த மாலை

சுவாமிமலையில் அந்தப் பட்டறைக்குள் கால் வைத்ததும் குங்கிலிய வாசம் மூக்கில் ஏறியது. தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயோடு காய்ந்துகொண்டிருந்தன. பலகைமேல் மெழுகுச் சிவகாமி. கரண்ட மகுடம் வரை முடிந்துவிட்டது, நகைகள்தான் பாக்கி. நான் பார்க்க வந்ததும் அதைத்தான்.

ஸ்தபதி ஈரப்பலகையில் ஒரு துண்டு மெழுகை வைத்து உள்ளங்கையால் உருட்ட, சேமியா மாதிரி இழை நீண்டது. இரண்டு இழைகளை முறுக்கிப் புரியாக்கிக் கழுத்தில் சுற்றினார். காய்ச்சிய கத்தியின் முனை லேசாகப் பட்டதும் ஒட்டிக்கொண்டது. அதன் கீழே கடுகளவு உருண்டைகளை ஊசியால் எடுத்து எடுத்துப் பதித்தார். கண்டிகை ஆயிற்று. அடுத்து தோள்வளை, மார்பின் குறுக்கே பூணூல், இடுப்பில் மேகலை.

"நகை ஆசாரி தங்கத்துல பண்றத நாங்க மெழுகுல பண்றோம் தம்பி. வார்ப்பு கெட்டுப்போச்சுன்னா இதுவும் போச்சு, திரும்ப முதல்லேருந்துதான்."

பலூசிஸ்தானத்து மெஹர்கரில் கிடைத்த செம்புத் தாயத்து நினைவுக்கு வந்தது. இரண்டு சென்டிமீட்டர் அகலச் சக்கரம். வயது ஏறக்குறைய 6,000 ஆண்டு. மெழுகு உருக்கி வார்த்ததாகத் தெரியவந்தவற்றில் அதுவே மிகப் பழையது என்று 2016இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதன் ஆரக்கால்களும் இப்படி உருட்டி ஒட்டிய மெழுகுக் கம்பிகள்தாம்.

நகையைக் காப்பாற்றுவது முதல் பூச்சு. காவிரி வண்டலோடு உமிக்கரியும் சாணமும் சேர்த்து மையாக அரைத்த விழுதை ஒவ்வொரு மணியின் இடுக்கிலும் விரலால் தடவுகிறார்கள். அங்கே ஒரு காற்றுக்குமிழ் நின்றால் வார்ப்பில் அது உலோகக் கட்டியாகிவிடும். மேலே வயல் களிமண்ணும் மணலும், அதைச் சுற்றி இரும்புக் கம்பிக் கட்டு. இந்த மண் அச்சுதான் கரு.

காய்ந்த கருவை வறட்டி நெருப்பில் சுட்டால் மெழுகு ஓடிவிடும். மெழுகின் எடையைப் போல் எட்டு முதல் பத்து மடங்கு உலோகம் வேண்டும். பஞ்சலோகம் என்று பெயரே ஒழிய, பெரும்பங்கு செம்பு. பித்தளையும் ஈயமும் கொஞ்சம். தங்கமும் வெள்ளியும் சாஸ்திரத்துக்கு. கருவும் சூடாகவே இருக்க வேண்டும், இல்லையென்றால் மெல்லிய மாலைக்குள் போவதற்குள் உலோகம் உறைந்துவிடும். மூசையிலிருந்து நூல்போல், விட்டுவிடாமல் ஊற்றுகிறார்கள்.

மூலையில், முன்பே வார்த்து உடைத்தெடுத்த அம்மன் ஒன்று கருகருவென்று நின்றது. கழுத்தில் வெறும் பட்டைதான். மணிகளை உளியால் வெட்டிக்கொண்டிருந்தார் ஓர் இளைஞர். இப்போது பல பட்டறைகளில் இதுதான் வழக்கம். எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்துச் சோழர் செப்புத் திருமேனிகளில் மாலை உடம்பின்மேல் கிடக்கும். உளி வெட்டிய மாலை உடம்பிலேயே கீறியதுபோல் இருக்கிறது. சொல்லியும் பார்த்தேன்.

"வாஸ்தவம்தான். ஆனா வார்ப்புல நாலு மணி விழாமப் போச்சுன்னா? உளின்னா கை நம்ம வசம் இருக்குல்ல."

பேசிக்கொண்டிருக்கும்போதே காரில் வந்த ஒருவர் மெழுகுச் சிவகாமியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கிலோ என்ன விலை என்றார்.

"கிலோக் கணக்கு உடம்புக்குச் சரிங்க. இந்த நகைக்கு எடையே வராது, கூலிதான் வரும்."

அடுத்த தெருவிலும் விசாரித்துவிட்டு வருவதாகச் சொல்லி அவர் கிளம்பினார்.