அரை அங்குல நட்டு

அப்பாவின் மொறிஸ் மைனர் பருத்தித்துறை வீட்டின் பின்புறத் தகரக் கொட்டிலில் பல ஆண்டுகளாக ஓடாமல் கிடந்தது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள வீடு. சோளகம் வீசினாலும் வாடை வீசினாலும் உப்புக் காற்றுக்கு இரும்பு தப்புவதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதன் பின்னர் பழைய கார்களுக்கு ஏறிய விலையைக் கேள்வியுற்ற தம்பி, "வித்துப்போட்டு அம்மாவின்ர பேரில போடுங்கோ அண்ணா" என்று ரொறன்ரோவிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். அவன் சொல்வதில் நியாயம் இருந்தது. ஆயினும் ஓடாத காரை இரும்பு விலைக்கே கேட்டார்கள். ஆகவே கடந்த ஆண்டு விடுமுறையில் அதை ஓடவைத்துப் பார்ப்பதென்று முடிவு செய்தேன். அந்தக் காரின் பொனற்றைத் திறக்க எனக்குத் தயக்கமிருந்தது என்பதை அவனுக்கு நான் சொல்லவில்லை.

தயக்கத்துக்குக் காரணம் ஒரு நட்டு.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதோடு குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றுபோனது. இருந்த கார்கள் எல்லாம் மண்ணெண்ணெய்க்கு மாறின. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்த மொறிஸ் மைனருக்கு இப்படியொரு பிழைப்பு வாய்க்குமென்று அவரே கற்பனை செய்திருக்க மாட்டார். எங்கள் கார் புகையைக் கக்கியபடி ஓடியது. ஆனால் அடிக்கடி கொதித்தது. தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிந்தால் கொதிக்காது என்று யாரோ சொன்னார்கள். நமது காலநிலைக்கு அது தேவையில்லை என்ற எண்ணம் அன்று பரவலாக இருந்தது.

1991இல் ஒரு நாள் அப்பா வெளியே போயிருந்த சமயம் நான் அந்த வேலையில் இறங்கினேன். பல்கலைக்கழக மாணவன், கலைப்பீடம். தேர்மோஸ்ரற்றின் மேல்மூடியை மூன்று நட்டுகள் பிடித்திருக்கும். அவை அரை அங்குல நட்டுகள், அதாவது 12.7 மில்லிமீற்றர். நான் அயலில் இரவல் வாங்கியதோ 13 மில்லிமீற்றர் ஸ்பனர். போட்டால் ஏறத்தாழப் பொருந்துகிறது. அந்த 'ஏறத்தாழ' எத்தனை கேடானது என்பதை அச்சுப்பிழை திருத்தியே வயதைக் கழித்த இன்றைய நான் அறிவேன். அன்றைய நான் அறியவில்லை. இரண்டு நட்டுகள் அசைந்தன. மூன்றாவது இறுகிக் கிடந்தது. முழுப் பலத்தோடும் இழுத்தேன். ஸ்பனர் வழுக்கியது. மீண்டும் இழுத்தேன். ஆறு மூலைகளும் மழுங்கி, நட்டு கூழாங்கல்லைப் போலாயிற்று. அசைந்தவற்றைத் திரும்ப முறுக்கி, மழுங்கியதன் மேல் கிறீஸைப் பூசி, பொனற்றை மூடிவிட்டேன்.

அப்பா ஒன்றும் கேட்கவில்லை. அதன் பின்னர் அவர் காரில் எப்போதும் இரண்டு போத்தல் தண்ணீர் இருந்தது. யாழ்ப்பாணம் போகும்போதெல்லாம் வல்லை வெளியில் நிறுத்தி, பொனற்றைத் திறந்துவைத்து, காற்றுக்கு முகம் கொடுத்தபடி நிற்பார். நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். சொல்லியிருக்கலாம். காரை ஓட்டுவதை அவர் விடும்வரையிலும் சொல்லவில்லை. 2011இல் அவர் காலமாகும்வரையிலும் சொல்லவில்லை.

இம்முறை உதவிக்கு வந்தவர் எழுபதைக் கடந்த ஒரு மெக்கானிக். அந்தக் காலத்தில் ஒஸ்ரின், மொறிஸ் என்று குடாநாட்டு வாடகைக் கார்களையெல்லாம் கட்டி மேய்த்தவர். நட்டைக் கண்டதும் "ஆர் இதில கை வைச்சது?" என்றார்.

"நான்தான் அண்ணை."

முப்பத்து மூன்று வருடங்களாகச் சொல்லாததை அவரிடம் அவ்வளவு எளிதாகச் சொல்ல முடிந்தது எனக்கே வியப்பு.

அவர் ஸ்பனரைத் தொடவேயில்லை. கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டினார். கியர் எண்ணெயையும் அசற்றோனையும் சரிபாதியாகக் கலந்து நட்டின் அடியில் விட்டார். "காலமையும் பின்னேரமும் விடுங்கோ. நாலு நாள் இதைப் பாக்கவே கூடாது" என்றார். இரும்பு துருவாகும்போது முன்னிருந்ததைவிடக் கூடுதலான இடத்தை அடைத்துக்கொள்கிறது. புரிகளுக்கு இடையிலான நூலிழை வெளியை அது நிரப்பிவிடுவதால்தான் நட்டு இறுகுகிறது. அந்தப் பிடியைப் பலத்தால் வெல்ல முனைந்தால் நட்டு கழலாது, அடியிலுள்ள ஸ்ரட் முறியும். முறிந்தால் துளைபோட வேண்டும், அல்லது அதன் தலையில் இன்னொரு நட்டை ஒட்டித் திருப்ப வேண்டும். செய்தி ஆசிரியருக்கு நான்கு நாள் சும்மா இருப்பதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

ஐந்தாம் நாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நட்டைத் துடைத்தவர், சற்று நேரம் பேசாமல் நின்றார். "தம்பி, இதை உங்கட ஆக்கள் ஆரோ அராவியிருக்கினம்" என்றார்.

குனிந்து பார்த்தேன். மழுங்கிய நட்டின் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் அரத்தால் தட்டையாக்கப்பட்டிருந்தன. துருவின் கீழும் அராவிய கோடுகள் மறையவில்லை. கிடைத்த இடைவெளியில் சிறிய அரத்தை நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, நேர்கோடு பிசகாமல் செய்த வேலை. அந்த வீட்டில் அரம் பிடிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். அடுத்த அளவான ஏழின்கீழ் பதினாறு ஸ்பனர் பொருந்தும் அளவுக்கு அராவிவிட்டு, ஏதோ எண்ணி நிறுத்தியிருக்கிறார். ஸ்ரட் முறிந்தால் தடைக் காலத்தில் மாற்றுக்கு எங்கே போவது என்று பயந்திருக்கக்கூடும். எதுவாயினும், அந்தக் கிறீஸைத் துடைத்துப் பார்த்திருக்கிறார். அதைப் பூசியது யார் என்பதும் தெரிந்தேயிருக்கும்.

மெக்கானிக் சிறிய சுவாலையால் நட்டைச் சூடாக்கினார். மூடி அலுமினியம் என்பதால் அதன்மேல் சுவாலை படாமல் பார்த்துக்கொண்டார். பிறகு மெழுகுதிரியை நட்டின் அடியில் தொட்டார். உருகிய மெழுகு புரிகளுக்குள் உறிஞ்சப்பட்டது. சுத்தியலால் தலையில் மெதுவாக நாலு தட்டு. பின்னர் அப்பாவின் பெட்டியிலிருந்த ஏழின்கீழ் பதினாறு ஸ்பனரை அந்தத் தட்டையான பக்கங்களில் செருகினார். பொருந்தியது, 'ஏறத்தாழ' அல்ல.

முதலில் இறுக்கும் திசையில் மயிரிழை. பிறகு கழற்றும் திசையில். மீண்டும் இறுக்கம். 'டிக்' என்று ஒரு சத்தம். "வந்திட்டார்" என்றார், பெரிய மனிதர் ஒருவரை வரவேற்பதுபோல.

மூடி ஸ்ரட்டுகளோடு ஒட்டிக்கிடந்ததால் அதைத் தட்டிக் கழற்ற மேலும் இரண்டு நாள் சென்றது. அது பெரிய கதையல்ல. உள்ளே தேர்மோஸ்ரற் பாதி மூடியபடி இறுகியிருந்தது. வல்லை வெளியில் அப்பா நின்ற நேரத்துக்கெல்லாம் காரணம் என் உள்ளங்கையில் அடங்கியது.

அன்றிரவு தம்பி அழைத்தான். நட்டைப் பற்றி முழுவதும் சொன்னேன், 1991 உட்பட. சிறிது நேரம் மௌனமாயிருந்துவிட்டு, "அப்ப கார் விக்கிற மாதிரி வந்திட்டுதோ?" என்று கேட்டான்.

"இல்லையடா, இன்னும் எக்சோஸ்ற் நட்டுகள் கிடக்குது" என்றேன்.