திறப்பைக் கழற்றினால் போதுமா?

காரை நிறுத்தித் திறப்பைக் கழற்றிவிட்டால் எல்லாம் அணைந்துவிடும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையால் ஓர் இரவு எங்கள் வீடே எரிந்திருக்கும்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் நிற்பது அப்பாவின் மொறிஸ் மைனர். 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட கார் இனம் அது. தொண்ணூறுகளில், எரிபொருள் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓடியது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் அம்மம்மாவைச் சாவகச்சேரி வரை கொண்டுபோய்ச் சேர்த்ததும் அதுதான். அப்பா காலமான பின் "வித்துப் போடு பிள்ளை" என்று உறவினர் சொன்னார்கள். நான் விற்கவில்லை. முழங்கால் வருத்தமுள்ள அம்மாவை மாதாந்தக் கிளினிக்குக்குக் கூட்டிச்செல்ல எனக்கு அதைவிட்டால் வேறு வழியில்லை.

அன்றும் கிளினிக்கால் வந்து காரைக் கிடுகுக் கொட்டிலில் விட்டேன். கொட்டிலுக்கு அடுத்த அறையில்தான் அம்மா படுப்பார். இரவு பத்து மணியிருக்கும், ரப்பர் கருகும் மணம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் பொனற் இடுக்கால் புகை. திறப்போ என் கைப்பைக்குள் இருக்கிறது! மகன் அம்மாவை முற்றத்துக்குக் கூட்டிப்போனான். நான் பொனற்றைத் திறந்து பற்றறி வயரை இழுத்தேன். நட்டு இறுகிக் கிடந்தது. பக்கத்து வீட்டு அண்ணை குறட்டுடன் மதிலால் குதித்து வந்து கழற்றினார். மேலே காய்ந்த கிடுகு. இன்னும் ஐந்து நிமிடம் பிந்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணவே நெஞ்சு பதறுகிறது.

அண்ணை முன்பு கராஜில் வேலை செய்தவர். காலையில் வந்து காரணத்தைக் காட்டினார். திறப்பு நிறுத்துவது இயந்திரத்துக்கும் வேறு சில பாகங்களுக்கும் போகும் மின்சாரத்தை மட்டும்தான். பற்றறியிலிருந்து திறப்புச் சுவிச்சுக்கும் விளக்குச் சுவிச்சுக்கும் வரும் வயர்களில் இரவும் பகலும் மின்சாரம் இருக்கும். இந்தக் காரில் பியூஸ் இரண்டே இரண்டு; பல வயர்களுக்கு அந்தக் காவலும் இல்லை. தகட்டுத் துளையில் உராய்ந்து உறை தேய்ந்த ஒரு வயர் உடம்பில் முட்டியிருந்தது. அந்த வயரை மாற்றித் துளைக்கு ரப்பர் வளையம் போட்டோம். "இனி ஒரு கட்அவுட் சுவிச்சும் பூட்டவேணும் தங்கச்சி" என்றார் அண்ணை.

உதிரிப்பாகக் கடையில் கேட்டபோது, "வீட்டிலை ஆம்பிளையள் இல்லையோ?" என்றார் ஒருவர். "கார் ஓடுறது நான்தான் ஐயா" என்று சொல்லி வாங்கிவந்தேன். சிறிய விலைக்கும் ஒன்று இருந்தது. ஆனால் ஸ்ராட்டர் சுற்றும்போது 100 அம்பியருக்கும் மேல் இழுக்கும். அதைத் தாங்கும் சுவிச்சும், பற்றறி வயரளவு தடித்த வயரும் தேவை. மெல்லிய வயர் தானே சூடாகிவிடும்.

அண்ணை பற்றறிக்குப் பக்கத்திலேயே பூட்டலாம் என்றார். "புகை வரேக்கை பொனற்றைத் திறந்துகொண்டு நிற்கவோ அண்ணை?" என்று கேட்டேன். பற்றறி சார்ஜ் ஏறும்போது எரியக்கூடிய வாயு வெளிவருமாம். அதன் அருகில் பொறி பறப்பதும் ஆபத்து. ஆகவே காரின் உள்ளே, சாரதியின் கை எட்டும், கால் தட்டாத இடத்தில் பூட்டினோம்.

எந்த வயரில் பூட்டுவது? உடம்புக்குப் போகும் வயரில். அதன் உறை தேய்ந்து உடம்பில் முட்டினாலும் தீப்பொறி வராது. எங்கள் காரில் உடம்போடு இணைந்திருப்பது நேர்முனை. புதிய கார்களில் எதிர்முனை. நிறத்தை நம்பாமல், வயர் எங்கே போகிறது என்று பார்க்கவேண்டும். வேலை தொடங்குமுன் அந்த முனையைத்தான் முதலில் கழற்றினோம். முடிவில் கடைசியாகப் பூட்டினோம். முனையிலிருந்து ஒரு வயர் சுவிச்சுக்கு, சுவிச்சிலிருந்து மற்றது உடம்புக்கு. உடம்பில் பூட்டும் இடத்தில் பெயின்ற் போகும்வரை நானே சுரண்டினேன். அண்ணை பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்பானர் பிடித்தது என் கை.

பிறகு சுவிச்சை நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டுப் பார்த்தேன், எரியவில்லை. ஹோர்ன் அடிக்கவில்லை. அந்த மௌனம் எவ்வளவு நிம்மதியைத் தந்தது!

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் பழைய வாகனம் நின்றால் இரண்டு விடயங்களை மறவாதீர்கள். இந்தச் சுவிச், பழுதான வயருக்கு மருந்து அல்ல; வயரைத் திருத்தியே ஆகவேண்டும். இயந்திரம் ஓடும்போது இதை நிறுத்தவும் கூடாது. சார்ஜ் செய்யும் பாகங்கள் பழுதாகலாம். முதலில் இயந்திரத்தை நிறுத்தி, பிறகே இதை நிறுத்துங்கள். பூட்டத் தெரியாவிட்டால் தெரிந்தவரை அழையுங்கள். ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள், காரணம் கேளுங்கள். ஆபத்து வரும் இரவில் வீட்டில் நிற்பது மெக்கானிக் அல்ல, நாங்கள்தான்.

"நிப்பாட்டத் தெரிஞ்ச பிறகுதான் ஓட்டவேணும்" என்று எனக்குக் கார் பழக்கும்போது அப்பா சொல்வார். பிரேக்கைச் சொல்கிறார் என்று அப்போது நினைத்தேன்.

இப்போது சுவிச்சின் சிவப்புத் திறப்பு அம்மாவின் அறைக் கதவுநிலை ஆணியில் தொங்குகிறது. இரவில் படுக்குமுன் அம்மா ஒருமுறை அதைத் தொட்டுப் பார்ப்பார். அதன் பிறகுதான் விளக்கை அணைப்பார்.