பேர் தெரியாத வீராங்கனை



ஆண்டு மலர் என்றால் தலைவர்களைப் பற்றி எழுதுவார்கள், கவிதை எழுதுவார்கள். நான் வீடியோ கேமில் வரும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதப் போகிறேன். "இதெல்லாம் ஒரு கட்டுரையா?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். ஐந்து நிமிடம் பொறுத்துக் கொள்ளுங்கள். மூலக்கொத்தளத்துப் பையன் காரணம் இல்லாமல் பேனாவை எடுக்க மாட்டான்!

'டெக்கன்' விளையாடாதவர் நம் வகுப்பில் யார்? ஜப்பான் நாட்டு நாம்கோ கம்பெனி 1994-ல் ஆரம்பித்த சண்டை விளையாட்டு அது. அந்த வரிசையில் 1999-ல் 'டெக்கன் டேக் டோர்னமென்ட்' வந்தது. எதிரே வரும் எல்லாரையும் அடித்துப் போட்டுக் கடைசிக்குப் போனால், அங்கே ஒரு பெண் நிற்பாள். உடம்பெல்லாம் ஊதா நிறத்தில் கூழ் மாதிரி வழியும். முதுகுக்குப் பின்னால் ஆவியாக ஓர் ஓநாய். ஒரு வார்த்தை பேச மாட்டாள். ஊர் எது, உறவு யார், ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பேரே 'அன்நோன்' தான். அதாவது, தெரியாதவள்!

எங்க தெரு கேம் கடையில் அந்தப் பேர் யார் வாயிலும் நுழையாது. 'ஊதா அக்கா' என்போம். "டேய், ஊதா அக்கா வந்துட்டாங்கடா, ஜாய்ஸ்டிக்க என்கிட்ட குட்றா!" என்று ஒரே சத்தமாக இருக்கும். மற்றவர்கள் எல்லாருக்கும் தனித்தனி ஸ்டைல் உண்டு. பால் குத்துவான், கிங் மல்யுத்தம் போடுவான், லா காலால் பின்னி எடுப்பான். ஊதா அக்காவுக்கோ சொந்த ஸ்டைலே கிடையாது. எல்லார் அடியும் அவளுக்குத் தெரியும். சண்டை நடுவிலேயே மாற்றிக் கொண்டே இருப்பாள். ஒன்றைத் தடுக்கப் பழகுவதற்குள் அடுத்தது விழும்.

யார் இவள்? 2011-ல் வந்த இரண்டாம் டேக் விளையாட்டில்தான் விடை கிடைத்தது. ஜூன் கஸாமா என்ற பெண்தான் கடைசியில் அந்த ஊதா உருவமாக மாறுகிறாள். ஜூன் 1995-ல் 'டெக்கன் 2'-ல் வந்தவள். ஜின் என்ற பையனின் அம்மா. 1997-ல் வந்த 'டெக்கன் 3' கதையில் ஓகர் என்ற அசுரன் தாக்கியபோது காணாமல் போனாள். மூலக் கதையில் அவள் திரும்பி வர 2024-ல் 'டெக்கன் 8' வரைக்கும் காத்திருக்க வேண்டியதாயிற்று. நாங்கள் பேய் என்று பயந்த உருவத்துக்குள்ளே இருந்தது ஓர் அம்மா!

இப்போது எங்கள் ஏரியாவுக்கு வாருங்கள். "மூலக்கொத்தளமா? சுடுகாடு இருக்கிற எடம்தானே?" என்று முதல் வருஷம் என்னைக் கேட்காதவர் இல்லை. ஆமாம், அதேதான். அங்கேதான் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைக் கைதிகளாகி 1939-ல் உயிர்விட்ட நடராசன், தாளமுத்து இருவரின் நினைவிடம் இருக்கிறது. எழும்பூரில் இவர்கள் பேரில் ஒரு மாளிகையே உண்டு. ஆனால் அதே இடத்தில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். டாக்டர் தருமாம்பாள். கேட்டுப் பாருங்கள், எங்க தெருவிலேயே பாதிப் பேர் "யாரது?" என்பார்கள்.

தஞ்சாவூர் பக்கம் பிறந்தவர், சித்த மருத்துவம் படித்தவர். 1938 நவம்பரில் சென்னையில் பெண்கள் மாநாடு நடந்ததே, ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' பட்டம் தந்த மாநாடு, அதை நடத்தியவர்களில் ஒருவர். மறுநாளே மறியல் செய்து சிறைக்குப் போனார். தமிழாசிரியர்களுக்கு மற்ற ஆசிரியர்களுக்குச் சமமாகச் சம்பளம் வேண்டும் என்று 'இழவு வாரம்' கொண்டாடச் சொல்லிப் போராடினார். 1959-ல் மறைந்தார். விதவை மறுமண உதவித் திட்டத்துக்குத் தமிழக அரசு இவர் பேரைத்தான் வைத்தது. டாக்டர், போராளி, கைதி... எத்தனை ஸ்டைல்! ஆனாலும் நமக்கு 'அன்நோன்'.

ஏன் இப்படி ஆகிறது? பெண்கள் செய்வதை நாம் எழுதி வைப்பதில்லை. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்க வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். சேர்க்கைக்காக ஓர் அலுவலகத்தில் பாரம் நிரப்பினார்கள். 'தாயின் தொழில்' என்ற இடத்தில், கேட்காமலே 'இல்லத்தரசி' என்று எழுதி விட்டார் அங்கிருந்தவர். எங்க அம்மா பதினாலு வருஷமா குடோனில் மிளகாய்க் காம்பு கிள்ளுகிறவங்க. விடியக்காலை குழாயடியில் ஒரு சண்டை, அப்புறம் சமையல், எட்டு மணிக்குக் குடோன், ராத்திரி கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக் கொண்டு அப்பாவின் கடன் கணக்கு. ஊதா அக்கா பிச்சை வாங்க வேண்டும்!

"சார், அம்மா வேலைக்குப் போறாங்க, மாத்தி எழுதுங்க" என்றேன். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாங்க. "வுடு கண்ணு, அப்பிடியே இருக்கட்டும். மொளகா குடோன்னு எழுதினா உன்னிய மட்டமா பாப்பாங்க." நான் விடவில்லை. அவர் முணுமுணுத்துக் கொண்டே அடித்துவிட்டு 'மிளகாய்க் கிடங்குத் தொழிலாளி' என்று எழுதினார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு மெதுவாகக் கேட்டாங்க: "இன்னாடா எழுதினான்? தொழிலாளின்னா?"

"ஆமாம்மா."

"ம்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக் கொண்டாங்க. அந்த 'ம்' கோபமா, சந்தோஷமா என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை.

நண்பர்களே! நாளைக்கு நாமெல்லாம் டிப்ளமா முடித்து எண்ணூரிலோ மணலியிலோ ஒரு கம்பெனி பாரம் நிரப்புவோம். அப்போதும் அந்தக் கட்டம் வரும். யோசித்து எழுதுங்கள். மூலக்கொத்தளம் பக்கம் வந்தால், அந்த மூன்றாவது பேரையும் நின்று படியுங்கள்.

இந்தக் கட்டுரையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்குது. ஆனா எம் பேரைப் போட்ராத, குடோன்ல கிண்டல் பண்ணுவாளுங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிட்டாங்க. அதனால் பேரைப் போடவில்லை. தொழிலைப் போட்டிருக்கிறேன்.

- இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை