ஷிப்மென்ட் வாரத்து நாற்காலி

வேலூர், ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனிகளில் பாதுகாப்பு வேலை என்றால் கட்டிங் பிரஸ், பசை வாடை, கெமிக்கல் டிரம் என்றுதான் நினைப்பார்கள். நியாயம்தான். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து 10 பேர் இறந்ததை இந்தத் தொழிலில் யாரும் மறக்கவில்லை. அதனால் ஏசி போட்ட ஆபீஸுக்குள் டேப்போடு நுழைந்தால், "இங்க என்ன சார் பாக்கப் போறீங்க?" என்கிறார்கள்.

பார்க்க நிறைய இருக்கிறது. இத்தாலிய மருத்துவர் ராமத்சினி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுத்தர்களின் உபாதைகளுக்கு மூன்று காரணம் சொன்னார்: ஓயாத உட்காரல், கையின் ஓயாத அசைவு, தப்பு வந்துவிடக் கூடாதே என்ற மனப் பாரம். இன்வாய்ஸில் ஓர் எண் பிசகினால் கன்டெய்னர் துறைமுகத்தில் நிற்கும் என்று பயந்து தட்டுகிற பெண்ணின் தோள் ஏன் காதுவரை ஏறியிருக்கிறது என்பதற்கு அந்த மூன்றாவது காரணமே போதும்.

நான் காலை பத்து மணிக்குப் போவதில்லை. அப்போது எல்லோரும் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருப்பார்கள். ஷிப்மென்ட் வாரத்தில் மாலை நாலு மணிக்குப் போய், "நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்கம்மா" என்று சொல்லிவிட்டு ஓரமாக நிற்பேன். கணியம்பாடியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த பெண் ஒருத்தி பேக்கிங் லிஸ்ட் ஏற்றுகிறாள். தாள் இடது பக்கம் மேஜையில் கிடக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் கழுத்து இடப்புறம் குனிந்து, திரும்பி, நிமிர்கிறது. மவுஸ் இருக்க வேண்டிய இடத்தில் வவுச்சர் கட்டு. வலது கை முழுதாக நீண்டு மவுஸை எட்டிப் பிடிக்கிறது. கால் தரையில் எட்டவில்லை, ஒரு காலை மடித்துச் சீட்டில் வைத்திருக்கிறாள். நாற்காலியில் குறை இல்லை, விலை உயர்ந்ததுதான். ஆனால் அது இவள் உயரத்துக்கு வாங்கியதில்லை.

திரை ஒரு கை நீளத் தூரத்தில், அதன் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும் என்பது பொது விதி. பைஃபோகல் போட்ட சீனியர் அக்கவுன்டன்டுக்கு அதே உயரம் கழுத்துவலி. அவருக்குத் திரையைத் தாழ்த்த வேண்டும். திரையைப் பார்க்கும்போது கண் இமைப்பது ஏற்கெனவே குறைந்துவிடுகிறது. அதன்மேல் ஏசி காற்று நேரே முகத்தில் அடித்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

2025 வரை நடப்பில் இருந்த 1948 ஃபேக்டரி சட்டத்தின் 44ஆம் பிரிவு நின்று வேலை செய்பவருக்கு உட்கார இடம் கேட்டது; 2021-இல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் சேர்த்த 22-ஏ பிரிவும் அதையே கேட்கிறது. நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவரை எப்படிப் பார்ப்பது என்பதற்கு பிரிட்டனின் 1992 கணினித் திரை விதிகளைத்தான் துணைக்கு வைத்திருக்கிறேன். ஒவ்வொருவரும் உட்கார்ந்து வேலை செய்யும் இடத்தை முதலாளி மதிப்பிட வேண்டும், கேட்டால் கண் பரிசோதனை செய்து தர வேண்டும், திரை வேலைக்கு நடுவில் இடைவெளி வேண்டும் என்கின்றன அவை. நம் ஆபீஸ்களுக்கும் அப்படியே பொருந்துகிற விதிகள்.

தீர்வுக்குச் செலவு குறைவு. கார்பென்டர் அறையில் மிஞ்சிய பிளைவுட்டில் ஒரு சாய்பலகை அடித்து, திரைக்கும் கீபோர்டுக்கும் நடுவில் வைத்தால் தாள் கண் எதிரே வந்துவிடும். வவுச்சர் கட்டு அலமாரிக்குப் போகும். கால்பலகையும் அதே பிளைவுட்தான். ஆனால் மேஜைக்கு அடியில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யுபிஎஸ், சாப்பாட்டுப் பை எல்லாம் கிடந்தால் இரண்டே வாரத்தில் அந்தப் பலகை சுவரோரம் போய்விடும். அதனால் என் குறிப்பில் முதல் வரி எலக்ட்ரீஷியனுக்கு, வயரை மேஜைக்கு அடியில் தூக்கிக் கட்டச் சொல்லி. பலகை இரண்டாவது வரியில்தான் வரும்.